பள்ளியை நிறுக்கும் தராசு

பினாங்குத் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு எதுவாயினும், அனுப்பியவன் சொல்லும் எடையை மட்டும் நம்பி எவரும் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. இறங்கும் மூட்டைகளை எண்ணுவதற்கு ஒருவர் நிற்பார். சுங்கத்தில் பார்வையிடுவதற்கு வேறொருவர் இருப்பார். சரக்கு கரையேறிக் கடைவீதிக்கு வந்த பிறகும், அதை நிறுக்கும் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் பொதுவான மூன்றாமவர் ஒருவர் இருப்பதனாலேயே வாணிகத்தில் நம்பிக்கை நிலைக்கிறது.

இந்த விதி பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அரிசி மூட்டையில் குறைவிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆறாண்டு பள்ளிக்குப் போன பிள்ளைக்குக் கல்வி குறைவாக அளக்கப்பட்டிருந்தால், அது தெரியவரும்போது அந்த ஆறாண்டும் திரும்பாமற் போயிருக்கும். ஆதலால் பள்ளியின் தரத்தை அவ்வப்போது சோதித்துச் சொல்லும் ஏற்பாடு எந்த நாட்டுக்கும் இன்றியமையாதது. அந்த ஏற்பாடு நேர்மையானதா என்பதை அறிய மூன்று வினாக்கள் போதும். சோதிப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? அவர் எதைச் சோதிக்கிறார்? கண்டதை யாரிடம் சொல்கிறார்? பினாங்கின் கல்வி வரலாறு இம்மூன்று வினாக்களுக்கும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடை தந்திருக்கிறது.

முதல் பரிசோதகர்

1816-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் பாதிரியார் ஹட்சிங்ஸ் பினாங்கு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமும் அதுவே என்று கொண்டு, 2016-இல் தமிழ்க்கல்வியின் 200-ஆம் ஆண்டு விழா நாடெங்கும் கொண்டாடப்பட்டது. 1852-இல் புனித சேவியர் பள்ளியும் கன்னிமாடப் பள்ளியும் தோன்றின. இவற்றை நடத்தியோர் பாதிரிமாரும் கன்னியரும் ஊர்ப் பெரியோரும் ஆவர். நன்றாக நடத்தினர் என்றோ நடத்தவில்லை என்றோ சொல்ல, வெளியார் எவருக்கும் நிலையான பொறுப்பு இருக்கவில்லை.

இந்தியாவில் 1854-இல் வெளிவந்த ‘உட் அறிக்கை’ இந்நிலையை மாற்றியது. மாகாணந்தோறும் கல்வி இலாகா அமைத்து, தனியார் பள்ளிகளுக்கு மானியம் கொடுத்து, மானியம் பெறும் பள்ளிகளைப் பரிசோதகர்கள் பார்வையிட வேண்டும் என்பது அதன் சாரம். பொதுப் பணம் போகுமிடத்துக்கெல்லாம் பொதுக் கண்ணும் போக வேண்டும் என்ற கொள்கை அவ்வாறு வேரூன்றிற்று. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1870-ஆம் ஆண்டு உல்லி குழு கல்விநிலையை ஆராய்ந்து, அது மிகவும் பின்தங்கிக் கிடப்பதாக அறிவித்தது. அதன் பயனாக 1872-இல் ஏ. எம். ஸ்கின்னர் முதல் பள்ளிப் பரிசோதகராக அமர்த்தப்பட்டார். பிற்காலத்தில் பினாங்கின் ரெசிடென்ட் கவுன்சிலராக விளங்கியவரும் இவரே. பரிசோதகரின் ஆண்டறிக்கை அரசாங்க வெளியீடாக அச்சேறியது. குடியேற்ற ஆட்சியில் மக்களுக்கு உரிமைகள் அதிகமில்லை. ஆயினும் பள்ளிகளின் நிலையைப் படித்தறிய விரும்பியவர் படித்தறிய முடிந்தது என்பது கருதத்தக்கது.

தேர்ச்சிக்குக் கூலி

பரிசோதகர் எதைச் சோதிக்க வேண்டும் என்பதில் அக்காலத்தார் ஒரு பெரும் பிழை செய்தனர். இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ என்னும் அமைச்சர் கொண்டுவந்த விதி அது. பரிசோதகர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் படிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் சோதிப்பார். தேறிய பிள்ளையின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்கு மானியம் கிடைக்கும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இம்முறை, நடைமுறையில் கல்வியைக் கெடுத்தது. ஆசிரியர்கள் சோதனைக்கு வரும் பாடத்தை மட்டும் உருப்போட வைத்தனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிள்ளை படிக்கும் என்று பரிகாசம் எழுந்தது. மந்தமான பிள்ளை மானியத்தைக் குறைக்கும் பாரமாயிற்று. கவிஞராகவும் பள்ளிப் பரிசோதகராகவும் இருந்த மாத்யூ ஆர்னல்டே இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். இருப்பினும் அது கடல் கடந்து சென்னை மாகாணத்துக்கும் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் இங்கிலாந்து அதைக் கைவிட்டது.

இதிலிருந்து கிடைத்த பாடம் தெளிவானது. அளவுகோலோடு கூலியைக் கட்டினால், அளக்கப்படுபவன் பொருளை வளர்க்க மாட்டான். அளவுகோலை ஏமாற்றக் கற்றுக்கொள்வான். நோய்க்குறியைப் பார்க்கும் மருத்துவனே தண்டமும் விதித்தால் நோயாளி நோயை மறைப்பான் அன்றோ?

சோதனையா, காவலா?

அடுத்த பிழை 20-ஆம் நூற்றாண்டில் நேர்ந்தது. சீனாவில் 1919-இல் எழுந்த மாணவர் கிளர்ச்சியின் அலை மலாயாவின் சீனப் பள்ளிகளிலும் வீசியது. அதைக் கண்டு அஞ்சிய ஆட்சியினர் 1920-இல் பள்ளிப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தனர். பள்ளியும் அதன் நிர்வாகிகளும் ஆசிரியர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதிகாரி பள்ளியில் நுழைந்து பார்வையிடலாம். விதி மீறிய பள்ளியைச் சட்டவிரோதமானது என்று அறிவிக்கலாம். பினாங்குச் சீனர்கள் இதை வன்மையாக எதிர்த்தனர். சுகாதாரமும் ஒழுங்கும் சட்டத்தின் நோக்கங்களாகச் சொல்லப்பட்டன. வாசற்படியில் நின்ற அதிகாரியைப் பள்ளிக்காரர்கள் கண்டதோ வேறு கண்ணோடு. பிள்ளை என்ன கற்றது என்று பார்க்க வந்தவரா, ஆசிரியர் என்ன பேசினார் என்று கேட்க வந்தவரா என்ற ஐயம் ஒருமுறை புகுந்துவிட்டால், பரிசோதகர் சொல்லும் நல்ல ஆலோசனையும் காதில் ஏறாது.

தோட்டத்துப் பாடசாலை

சீனப் பள்ளிக்கு மிகுதியான கண்காணிப்பு இடையூறாயிற்று என்றால், தமிழ்ப் பாடசாலைக்குக் குறைவான கண்காணிப்பே கேடாயிற்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்று மலாய்க் கூட்டு நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பள்ளியைத் தோற்றுவித்தது, கல்வியைத் தோற்றுவிக்கவில்லை. பல தோட்டங்களில் கொட்டகையே வகுப்பறை. எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ தம் வேலை போக மிஞ்சிய நேரத்தில் ஆசிரியர். பிள்ளைகளோ பால்வெட்டு வேலைக்குப் பெற்றோருடன் போய்வந்த களைப்பில் இருப்பர்.

அங்கும் பரிசோதனை இல்லாமல் இல்லை. வருகைப் பதிவையும் தேர்ச்சியையும் பார்த்து மானியம் கொடுக்கப்பட்டது. ஆனால் பள்ளியை நடத்துபவர் துரை; ஆசிரியருக்குச் சம்பளம் தருபவரும் துரை; பிள்ளையின் தாய்தந்தையருக்குக் கூலி தருபவரும் அவரே. குறைகண்டு எழுதும் பரிசோதகரின் குறிப்பு மாட்டுக்கொட்டகைக்கு அருகிலிருந்த அந்தப் பள்ளியை எவ்வளவு மாற்ற முடியும்? கண்டதைக் கேட்டுத் திருத்தம் கோருவதற்கு உரியவர் பெற்றோர். அவர்களிடம் அக்குறிப்பு போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் படித்தறியும் எழுத்தறிவு பலருக்கு இருக்கவில்லை. பரிசோதகரின் சொல்லுக்கு உரிய செவி இல்லாவிடில், அச்சொல் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். இந்தக் குறையின் பலனைப் பல தலைமுறைகள் அநுபவித்தன.

நாசிர் தோன்றிய கதை

விடுதலைக்கு முந்திய ஆண்டான 1956-இல் வெளிவந்த ரசாக் அறிக்கை, பல மொழிப் பள்ளிகளை ஒரே தேசியக் கல்விமுறைக்குள் கொண்டுவந்தது. பொதுப் பாடத்திட்டம் என்று ஒன்று ஏற்பட்டால், அது எல்லாப் பள்ளியிலும் ஒரே தரத்தில் நடக்கிறதா என்று பார்ப்பதற்கும் ஆள் வேண்டும். அதற்காகக் கூட்டரசுப் பரிசோதகர் குழு அமைந்தது. மலாய் மொழியில் இப்பரிசோதகர் ‘நாசிர்’ எனப்படுவார். மேற்பார்ப்பவர் என்று பொருள்படும் அரபுச் சொல் அது.

பழைய பிழைகளை உணர்ந்தே இக்குழுவின் கடமை வகுக்கப்பட்டது எனலாம். போதனையின் தரம் நிலைக்குமாறு பார்ப்பது அதன் முதல் வேலை. தொழில்முறையில் அது சுதந்திரமாக இயங்க வேண்டும். நாசிர் ஆசிரியருக்குக் கட்டளை இடலாகாது, ஆலோசனை சொல்லலாம். 1961, 1996 ஆகிய ஆண்டுகளின் கல்விச் சட்டங்களிலும் பள்ளிப் பரிசோதகர்களுக்கு இடம் தரப்பட்டது. 1920-இன் காவற்காரர் நிலையிலிருந்து இது பெரிய முன்னேற்றமாகும்.

அளவுகோலும் காலப்போக்கில் திருந்தியது. 2003-இல் மலேசியக் கல்வித் தர அளவை வகுக்கப்பட்டது. 2010-இலும் 2017-இலும் அது புதுப்பிக்கப்பட்டது. 2017-இன் அளவை ஐந்து கூறுகளை உடையது: தலைமைத்துவம், அமைப்பு நிர்வாகம், பாடத்திட்டம்-புறப்பாடம்-மாணவர் நலன் ஆகியவற்றின் நிர்வாகம், வகுப்பறையில் கற்றலும் அதற்குத் துணைபுரிதலும், மாணவர் அடைந்த வளர்ச்சி. பள்ளி முதலில் தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளும். நாசிர் நேரில் வந்து சரிபார்ப்பார். தேர்ச்சி எண்ணிக்கை ஒன்றையே பார்த்த 1862-இன் முறையோடு இதை ஒப்பிட்டால் வளர்ச்சி விளங்கும்.

இரு தணிக்கைகள்

எனினும் முதல் வினாவும் மூன்றாம் வினாவும் இன்னும் முழுமையாக விடை பெறவில்லை. இதனை விளக்க மற்றொரு தணிக்கையை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது.

அரசாங்கப் பணத்தைத் தணிக்கை செய்பவர் தலைமைக் கணக்காய்வாளர். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு அவர் பதவிக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையினாலன்றி அவரை நீக்க இயலாது. 107-ஆம் பிரிவின்படி அவருடைய அறிக்கை மாமன்னரிடம் சமர்ப்பிக்கப்பட்டு மக்களவையில் வைக்கப்படுகிறது. பள்ளிக் கட்டடத்துக்கு ஒதுக்கிய பணம் வீணானது என்று அவர் எழுதினால், மறுநாள் பத்திரிகையில் பினாங்குத் துறைமுகத் தொழிலாளியும் அதைப் படிக்கலாம்.

பள்ளியின் தரத்தைத் தணிக்கை செய்யும் நாசிரோ கல்வி அமைச்சைச் சேர்ந்தவர். பள்ளிகளை நடத்துவது அந்த அமைச்சு. ஆசிரியரை அனுப்புவதும் அதுவே. சோதித்த அறிக்கை போய்ச் சேருவதும் அமைச்சரிடமே. அவ்வறிக்கை இரகசியமானது என்றும், அமைச்சர் அனுமதிப்பவர்க்கே அது காட்டப்படலாம் என்றும் சட்டம் கூறுகிறது. அப்பள்ளியின் கூரைக்குச் செலவான வெள்ளிக்குக் கணக்கு ஊரறிய வரும். அக்கூரையின் கீழ் பிள்ளை என்ன கற்றது என்ற கணக்கு அலமாரிக்குள் இருக்கும். இவ்விரண்டில் எது பெரிது என்பதைப் பெற்றோர் அறிவர்.

முன்பு இக்குறையை ஒருவாறு ஈடுசெய்தது ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வு. அதன் முடிவு வந்த நாளில் எந்தத் தமிழ்ப்பள்ளியில் எத்தனை பிள்ளைகள் சிறப்புத் தேர்ச்சி பெற்றனர் என்று ஊரே பேசும். அது குறையுள்ள அளவுகோலே. ஆயினும் வெளியார் கையிலிருந்த அளவுகோல். 2021-இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. பிள்ளைகளின் முதுகிலிருந்து பாரம் இறங்கியது நன்றே. ஆனால் அதோடு பெற்றோர் கையிலிருந்த ஒரே தராசும் போயிற்று.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தீவில் இராமகிருஷ்ணா, ஆசாத், இராஜாஜி, சுப்பிரமணிய பாரதி எனப் பெயர் தாங்கிய பள்ளிகளும், பெருநிலத்தில் தோட்டத்துப் பெயர் மாறாத பள்ளிகளும் அவற்றுள் அடங்கும். ஒவ்வோர் ஆண்டும் ஏழு வயதுப் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதா, வேறு பள்ளியில் சேர்ப்பதா என்று தமிழ்ப் பெற்றோர் தயங்குகின்றனர். அத்தயக்கத்தைத் தீர்ப்பது அறிக்கை அன்று. அண்டை வீட்டார் சொல்லும் செய்தி. நல்ல பள்ளிக்கு நல்ல பெயர் கிடைக்காமலும், நலிந்த பள்ளிக்கு உதவி வராமலும் போவதற்கு இந்த இருட்டே இடம் தருகிறது.

வெளிச்சத்துக்கும் அளவு உண்டு

அவ்வாறாயின் எல்லா அறிக்கைகளையும் அப்படியே வெளியிட்டுவிடலாமா? இங்கிலாந்தின் அநுபவம் எச்சரிக்கை தருகிறது. அங்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட ‘ஆப்ஸ்டெட்’ என்னும் பரிசோதனை நிறுவனம் ஒவ்வொரு பள்ளியின் அறிக்கையையும் வெளியிடுகிறது. பள்ளி முழுவதையும் ஒரே சொல்லால் ‘மிகச் சிறந்தது’ என்றோ ‘போதாதது’ என்றோ தீர்ப்பளிக்கும் வழக்கமும் இருந்தது. 2023-இல் ஒரு தலைமையாசிரியை தம் பள்ளி தாழ்ந்த தரம் பெற்ற துயரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்பரிசோதனையும் அம்மரணத்துக்கு ஒரு காரணம் என்று விசாரணை அதிகாரி கூறினார். 2024 செப்டம்பரில் அரசாங்கப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல் தீர்ப்பு கைவிடப்பட்டது. ஒரு பள்ளியின் ஆயிரம் முயற்சிகளை ஒரு சொல்லில் அடைப்பது, தேர்ச்சிக்குக் கூலி கொடுத்த பழைய பிழையின் மறுபிறப்பே ஆகும்.

தமிழ்நாட்டில் 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வேறு வழியைக் காட்டின. அக்காலக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று வளர்த்த இயக்கம் அது. பள்ளியின் தேவை இன்னது என்று கல்வி அதிகாரிகள் கணக்கெடுத்து ஊராரிடம் வைத்தனர். ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் தந்தனர். அங்கே குறை வெளிப்பட்டது பழி சுமத்துவதற்காக அன்று, பங்கு கேட்பதற்காக. பரிசோதனை அறிக்கை ஊராரின் கையில் ஒரு வேலைப்பட்டியல் ஆயிற்று.

பினாங்குக்கு இவ்வழி புதியதன்று. இங்குள்ள தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இயங்குகின்றன, வாரியங்கள் உள்ளன, மாநில அரசாங்கமும் ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளிகளுக்கு மானியம் வழங்கி வந்திருக்கிறது. செவி கொடுப்பவர்கள் இன்று இருக்கிறார்கள். தோட்டப் பாடசாலைக் காலத்தைப் போல் எழுத்தறியாதவர்களும் அல்லர். நாசிரின் முழு அறிக்கை அமைச்சரிடம் இருக்கட்டும். ஆசிரியரின் பெயர் சுட்டாமல், பள்ளியின் வலிமை இது, குறை இது, அடுத்த வருகைக்குள் திருந்த வேண்டியது இது என்று எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பெற்றோர் சங்கத்திடம் கொடுத்தால் போதும். தரவரிசையும் வேண்டாம், ஒற்றைச் சொல் தீர்ப்பும் வேண்டாம்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார். கோல் ஒரு பக்கம் சாயாதிருப்பது அதன் சிறப்பு. அச்சிறப்பை வாங்குபவனும் அறிய வேண்டுமானால், நிறுக்கும்போது தராசு அவன் கண்ணுக்குத் தெரியுமாறு தொங்க வேண்டும்.