தேரிக்காடும் கடற்கரையும்: குடும்பத்தோட 2 நாள் கேம்பிங், 10,000 ரூபாய்க்குள்ள முடியுமா?

டென்ட் போட்டு, கடல் பார்த்து, மணல்மேட்டுல சூரிய அஸ்தமனம் பார்க்கிற ரீல்ஸ் எல்லாம் உங்க போனுக்கும் வந்துகிட்டே இருக்கும். பார்த்ததும் ஜெய்சல்மேர், கட்ச்னு தேட ஆரம்பிப்போம். அடுத்த நிமிஷமே "ட்ராவல் லோன், 5 நிமிஷத்தில் அப்ரூவல்"னு விளம்பரம் வரும். அந்த பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி இந்தக் கட்டுரையைப் படிச்சிடுங்க.

கழுகுமலை, கோவில்பட்டி பக்கம் வீடு இருக்கிறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. பாலைவனம் மாதிரியான சிவப்பு மணல்மேடும் கடலும் சுமார் 120 கிலோமீட்டர்லயே இருக்கு. கோவில்பட்டி, எட்டயபுரம், தூத்துக்குடி வழியா திருச்செந்தூர் போனா, பக்கத்துலயே தேரிக்காடு. மணல் துகள் மேல இரும்பு ஆக்சைடு படிஞ்சிருக்கிறதாலதான் அந்தச் சிவப்பு. கரிசல் மண்ணையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது வேற உலகம். அங்கிருந்து கொஞ்ச தூரத்துல மணப்பாடு கடற்கரை. வழியில குலசேகரன்பட்டினம்; இஸ்ரோவோட இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினாங்களே, அதே ஊர்தான்.

முதல்ல பட்ஜெட்

அப்பா, அம்மா, நீங்க, துணை, ஒரு குழந்தை, ஆக 5 பேர். சொந்த கார், 2 நாள், 1 ராத்திரி. கீழே இருக்கிறது ஒரு மாதிரிக் கணக்கு. உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

- பெட்ரோல்: 320 கி.மீ., லிட்டருக்கு 16 கி.மீ., லிட்டர் 100 ரூபாய் = 2,000
- சாப்பாடு (முதல் நாள் கட்டுச்சோறு): 2,300
- 2 டென்ட் வாடகை, தலா 800: 1,600
- டென்ட் போடுற இடத்துக்கு: 1,000
- டோல், பார்க்கிங், கோயில் செலவு: 600
- அப்பா, அம்மாவின் 2 நாள் கூலி இழப்பு, ஒருவருக்கு நாளுக்கு 400: 1,600
- கைச்செலவுக்கு ரிசர்வ்: 900

மொத்தம் 10,000 ரூபாய்.

அந்தக் கூலி வரி ஏன்?

பெரும்பாலான ட்ராவல் பட்ஜெட்ல இது இருக்காது. உங்களுக்கு லீவு போட்டாலும் சம்பளம் வரும். தீப்பெட்டி வேலைக்கோ காட்டு வேலைக்கோ போற அம்மாவுக்கு, வேலைக்குப் போகாத நாள் சம்பளம் இல்லாத நாள். "நீங்க போயிட்டு வாங்கப்பா, எங்களுக்கு எதுக்கு"ன்னு அவங்க சொல்றதுக்குப் பின்னாடி பல சமயம் இந்தக் கணக்குதான் இருக்கும், வெளியே சொல்ல மாட்டாங்க. அந்த 1,600 ரூபாயை பட்ஜெட்லயே சேர்த்து, கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்டுச் செலவுக்குன்னு கையில கொடுத்துடுங்க. அப்புறம் மறுப்பு வர்றது கஷ்டம்.

தேதியும் அப்படித்தான். உங்க ஆபீஸ் லாங் வீக்கெண்டைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கரிசல் மானாவாரி விவசாயம் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கு. புரட்டாசி, ஐப்பசியில விதைப்பு, தை, மாசியில அறுவடை. அறுவடை முடிஞ்ச கையோட, வெயில் ஏறுறதுக்குள்ள போறதுதான் சரி. ஆடி மாசக் காத்துல தேரி மணல் கண்ணைத் திறக்க விடாது. குலசை தசரா, திருச்செந்தூர் தைப்பூசம் சமயத்துல கூட்டமும் ரூம் வாடகையும் எகிறும். கேம்பிங்குக்கு அந்த நாட்களைத் தவிர்த்துடுங்க.

6 மாசத்துல 10,000 சேர்ப்பது

மாசம் 1,650 ரூபாய், 6 மாச ஆர்டி. வட்டி 6.5% னு வெச்சா, கட்டின 9,900 ரூபாயோட சுமார் 185 ரூபாய் வட்டி சேர்ந்து 10,000 தாண்டிடும். வட்டி சின்னதுதான். ஆனா, இங்க நோக்கம் லாபம் இல்லை. பணம் தனியா நிக்கணும், அவ்வளவுதான். சில வங்கிகள்ல குறைந்தபட்சமே 12 மாசம், கேட்டுக்கோங்க. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி 5 வருஷம், அதனால இதுக்கு சரிவராது. எமர்ஜென்சி ஃபண்டுல மட்டும் கை வைக்காதீங்க.

லோன் போட்டு கட்ச் போனா?

கட்ச் போகக் கூடாதுன்னு சொல்லலை. திருநெல்வேலியில இருந்து காந்திதாமுக்கு வாராந்திர ஹம்சஃபர் ரயிலே இருக்கு. கேள்வி, காசு எங்கிருந்து வருது என்பதுதான். 60,000 ரூபாய் செலவுன்னு வைங்க.

- பர்சனல் லோன், 16% வட்டி, 24 மாதம்: இஎம்ஐ சுமார் 2,938. மொத்தம் கட்டுறது சுமார் 70,500. ப்ராசஸிங் ஃபீ தனி.
- முன்கூட்டியே மாசம் 2,400 ஆர்டி, 24 மாதம்: நீங்க போடுறது 57,600. கையில கிடைக்கிறது 61,500-க்கு மேல.

ஒரே ட்ரிப், வித்தியாசம் கிட்டத்தட்ட 12,900 ரூபாய். நம்ம தேரிக்காடு ட்ரிப் இன்னொரு தடவை போயிட்டு வந்தாலும் மிச்சம் இருக்கும்! நகையை அடகு வெச்சு டூர் போறதும் இதே கதைதான். வட்டி குறைவா இருந்தாலும் மீட்க முடியலைன்னா போறது அம்மாவோட நகை.

எல்டிஏ கிடைக்குமா?

ஒரு வார்த்தையில சொன்னா, பலருக்கு கிடைக்காது.

1. பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் எல்டிஏ விலக்கு. அதுவும் உங்க சம்பளத்துல எல்டிஏ ஒரு பகுதியா இருக்கணும்.
2. 4 வருஷ பிளாக்ல 2 பயணம். 2022–2025 முடிஞ்சு, இப்ப 2026–2029. போன பிளாக்ல விட்ட ஒரு பயணத்தை 2026-க்குள்ள பயன்படுத்தலாம்.
3. டிக்கெட் செலவு மட்டும்தான். டென்ட், சாப்பாடு, ரூம் எதுவும் வராது. உங்களைச் சார்ந்திருக்கிற அப்பா, அம்மாவோட டிக்கெட் சேரும்.

புதிய முறையில 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே இல்லை. அதனால எல்டிஏவுக்காக மட்டும் பழைய முறைக்கு மாறாதீங்க.

டென்ட் வாங்கலாமா, வாடகையா?

டென்ட், விரிப்பு, விளக்கு எல்லாம் சேர்த்து 16,000 ஆகுதுன்னு வைங்க. ஒரு ராத்திரிக்கு வாடகை 1,600. அப்போ 10 ராத்திரி பயன்படுத்தினாத்தான் போட்ட காசு வரும். வருஷத்துக்கு 2 ராத்திரின்னா 5 வருஷம்! முதல் 2 ட்ரிப் வாடகைக்கே எடுங்க. பாய், ஜமக்காளம், டார்ச் லைட் எல்லாம் வீட்டுல இருக்கிறதே போதும்.

காசை விட பெரிய நஷ்டம் வர்ற 3 இடம்

*அனுமதி:* குதிரைமொழித் தேரி காப்புக்காடு. உள்ளே இஷ்டத்துக்கு டென்ட் போட முடியாது, தீ மூட்டவே கூடாது. பகல்ல அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் போய் சுனையைப் பாருங்க. ராத்திரிக்கு தனியார் தோட்டத்துல, உரிமையாளர் சம்மதத்தோட தங்குங்க. பட்ஜெட்ல இருக்கிற அந்த 1,000 ரூபாய் இதுக்குத்தான். கடற்கரையா இருந்தா உள்ளூர் காவல் நிலையத்துல கேட்டுட்டுப் போங்க. தனுஷ்கோடியில இருட்டினதுக்கு அப்புறம் தங்கவே விட மாட்டாங்க.

*தீவு சவாரி:* மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுல 21 தீவுகள் இருக்கு. "500 ரூபா குடுங்க, தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு யாராவது மீன்பிடி படகுல கூப்பிட்டா, வேண்டாம்னு சொல்லிடுங்க. அது பாதுகாக்கப்பட்ட பகுதி. சிக்கினா அபராதத்தோட நிக்காது.

*வண்டி:* சொந்த கார் இல்லைன்னா மஞ்சள் போர்டு வண்டியோ, உரிமம் பெற்ற செல்ஃப் டிரைவ் வண்டியோ எடுங்க. தெரிஞ்சவர்கிட்ட வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தா 1,000 ரூபாய் மிச்சமாகலாம். விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் க்ளெய்ம் நிராகரிக்கப்பட வாய்ப்பு இருக்கு. அந்த இழப்பு லட்சத்துல வரும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

இன்னைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு, அறுவடை எப்ப முடியும்னு கேளுங்க. அந்தத் தேதியில இருந்து பின்னாடி 6 மாசம் எண்ணி, 1,650 ரூபாய்க்கு ஆட்டோ டெபிட் போடுங்க. நாள் கம்மியா இருந்தா மாசத் தொகையைக் கூட்டிக்கோங்க. இல்லைன்னா இந்த ப்ளானும் நம்ம வெட்டுவான் கோயில் மாதிரி பாதியிலேயே நின்னுடும். திரும்பி வரும்போது உடன்குடி கருப்பட்டி வாங்க மறந்துடாதீங்க, அதுக்குத்தான் ரிசர்வ்ல 900 ரூபாய் இருக்கு!

இதே கணக்கை ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. வீட்டுல எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.