சூப்பர்மேனை வெட்டி ஒட்டிய ரசிகர்கள்!

படம் முடிஞ்சு தியேட்டர் வாசல்ல நின்னுக்கிட்டு, 'அந்த செகண்ட் ஹாஃப் சீனை மட்டும் தூக்கியிருந்தா படம் பிச்சுக்கிட்டுப் போயிருக்கும் மச்சி' என்று டைரக்டருக்கே பாடம் எடுப்போம் இல்லையா... அதை வாயால் சொல்வதோடு நிற்காமல், கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து நிஜமாகவே செய்து காட்டும் கோஷ்டிக்குப் பெயர் 'ஃபேன் எடிட்டர்ஸ்'. புது ஷாட் எதுவும் எடுக்க முடியாது. இருக்கிற படத்தை வெட்டலாம், சீனை முன்னே பின்னே மாற்றலாம், டி.வி.டி.யில் வரும் 'டெலிட்டட் சீன்'களைச் செருகலாம். அவ்வளவுதான் ஆயுதம்!

1999-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படமான 'தி ஃபேண்டம் மெனஸ்' பிடிக்காமல், ஒரு ரசிகர் அதிலிருந்து சுமார் 20 நிமிஷத்தை வெட்டி வீசி 'தி ஃபேண்டம் எடிட்' என்று சுற்ற விட்டார். இந்த விளையாட்டை உலகத்துக்குத் தெரிய வைத்தது அதுதான். ஆனால், வெட்டுவதை விட பெரிய வித்தை ஒன்று இருக்கு. கதையையே திருப்பிப் போடுவது! அதுக்கு செம உதாரணம், நம்ம 'சூப்பர்மேன் 2'.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 1977-ல் டைரக்டர் ரிச்சர்ட் டானர் 'சூப்பர்மேன்' படத்தின் இரண்டு பாகங்களையும் ஒரே நேரத்தில் ஷூட் பண்ண ஆரம்பிச்சார். முதல் பாகத்தை முடிக்கணும் என்பதற்காக இரண்டாவது பாதியில் நின்றது. அதற்குள் சுமார் முக்கால்வாசி எடுத்தாச்சு. பட்ஜெட், ஷெட்யூல் என்று தயாரிப்பாளர்கள் சால்கைண்ட் அப்பா-மகனோடு டானருக்கு தினசரி மல்லுக்கட்டு. 1978 டிசம்பரில் முதல் படம் வந்து சூப்பர் டூப்பர் ஹிட். அதுக்கு டானருக்குக் கிடைத்த பரிசு... கல்தா! அந்த இடத்துக்கு ரிச்சர்ட் லெஸ்டர் வந்தார். டானர் இல்லாமல் வரமாட்டேன் என்று வில்லன் லெக்ஸ் லூதராக நடித்த ஜீன் ஹேக்மேன் ஒதுங்கிக்கொண்டார். சில இடங்களில் டூப்பை நிறுத்தி ஒப்பேற்றினார்கள்.

இதை விட பெரிய அடி, மார்லன் பிராண்டோ விஷயத்தில். சூப்பர்மேனின் அப்பா ஜோர்-எல்லாக சில நிமிஷங்களே வந்த அவருக்கு 37 லட்சம் டாலர் சம்பளம், மேலே வசூலில் பங்கு வேறு. பணத் தகராறு கோர்ட் வரைக்கும் போனது. இரண்டாம் பாகத்திலும் அவர் முகம் வந்தால் பங்கு கொடுக்கணுமே? அவர் நடித்த காட்சிகளை மொத்தமாகத் தூக்கிவிட்டு, அம்மா லாரா பேசுகிற மாதிரி சூசன்னா யார்க்கை வைத்து எடுத்துவிட்டார்கள்.

'அப்பாவுக்குப் பதில் அம்மா, இதில் என்ன பிரச்னை?' என்று கேட்கலாம். பிரச்னை கதையின் முதுகெலும்பில் இருக்கு! காதலுக்காக சக்தியை எல்லாம் துறந்து சாதாரண மனுஷனாகிறான் சூப்பர்மேன். அப்புறம் உலகம் ஆபத்தில் என்று தெரிந்ததும் பனிக்கோட்டைக்குத் திரும்பி வந்து கதறுகிறான். லெஸ்டர் படத்தில் அங்கே ஒரு பச்சைக் கல் மின்னும். கட்! அடுத்து பார்த்தால் ஐயா சிவப்புத் துண்டோடு பறந்து வருகிறார். சக்தி எப்படித் திரும்ப வந்தது? ம்ஹூம், சொல்லவே இல்லை. டானர் எடுத்ததில் பதில் இருந்தது. தன்னிடம் மிச்சம் இருக்கும் கடைசி சக்தியை மகனுக்குக் கொடுத்துவிட்டு, ஒரேயடியாக மறைந்து போகிறார் அப்பா. முதல் படத்தில் மகனை அனுப்பும்போது 'நீ நானாவாய், நான் நீயாவேன்' என்ற பொருளில் அவர் பேசுவாரே... அந்தப் பேச்சுக்கு அர்த்தம் கிடைப்பதே இங்கேதான். பங்குப் பணம் மிச்சமானதில் பலியானது இந்த சீன்!

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? 1980-களில் டி.வி.யில் இந்தப் படத்தைப் போட்டபோது, தியேட்டரில் வராத சீன்கள் சேர்ந்து வந்தன. அமெரிக்காவில் ஏ.பி.சி. சேனல் 1984-ல் போட்டதில் ஒரு கொத்து, வேறு நாட்டு டி.வி.க்களில் வேறு கொத்து. வீட்டில் ரெக்கார்ட் பண்ணி வைத்திருந்த வீடியோ கேசட்களை எல்லாம் திரட்டி, 2000-களின் நடுவில் ஒரு கோஷ்டி 'ரீஸ்டோர்டு இன்டர்நேஷனல் கட்' என்று டி.வி.டி.யாகவே செய்துவிட்டது.

இது லேசுப்பட்ட வேலை இல்லை பாஸ். சினிமா ஓடுவது விநாடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பா, ஆஸ்திரேலியா டி.வி.க்கள் அதையே 25 ஃபிரேமாக ஓட்டும். அதனால் படம் 4 சதவீதம் வேகமாகும், எல்லார் குரலும் கீச்சென்று ஏறும். அமெரிக்க டேப்பில் அந்த வம்பு இல்லை, வேறு வம்பு! இரண்டையும் ஒட்டினால் ஒரே சீனில் ஹீரோ குரல் மாறும். சதுர டி.வி.க்காக படத்தின் இரண்டு பக்கமும் வெட்டப்பட்டிருக்கும். இதையெல்லாம் விட கொடுமை, இசை. வசனத்துக்கு அடியில் பின்னணி இசை ஓடிக்கொண்டே இருக்கும்போது நடுவில் ரெண்டு வரியை வெட்டினால் வயலின் 'டக்'கென்று குதிக்கும். புதுப் படம் என்றால் 5.1 சவுண்டில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும், மற்றதை அமுக்கிவிட்டு சி.டி.யில் இருந்து வேறு இசை போட்டுத் தப்பிக்கலாம். மோனோ டேப்பில் அந்தப் பருப்பெல்லாம் வேகாது.

இத்தனை பாடுபட்டு என்ன மாறியது? ஒரு சின்ன சாம்பிள். தியேட்டரில் வந்த படத்தில் ஜெனரல் ஸாட் உள்ளிட்ட மூன்று வில்லன்களும் சக்தி இழந்து பனிப் பள்ளத்தில் விழுவதோடு சரி. செத்தார்கள் என்றே தோன்றும். அதாவது சூப்பர்மேன் கொலைகாரன்! டி.வி. டேப்பில் இருந்த குட்டி சீனில் போலீஸ் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போகும். சில விநாடிதான். ஹீரோவின் குணமே மாறிப் போச்சு பாருங்க!

வார்னர் பிரதர்ஸ், சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று எச்சரித்தது. எச்சரித்ததில் தப்பும் இல்லை, படம் அவர்கள் சொத்து. ஆனால், இவ்வளவு பேர் இதுக்கு ஏங்குகிறார்கள் என்பது அந்த ஆபீசுக்கும் தெரிந்துபோனது. 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துக்காக பிராண்டோ காட்சிகளைப் பயன்படுத்த அனுமதியும் கிடைத்த நேரம் அது. விளைவு, 2006 நவம்பரில் எடிட்டர் மைக்கேல் தாவ் கைவண்ணத்தில் 'தி ரிச்சர்ட் டானர் கட்' அதிகாரபூர்வமாகவே வந்தது!

இதில் கதை தலைகீழ். லெஸ்டர் படம் ஈஃபிள் டவர் வெடிகுண்டில் ஆரம்பிக்கும். இங்கே, முதல் பாகத்தில் சூப்பர்மேன் விண்வெளிக்குத் தள்ளிவிட்ட ஏவுகணையே வெடித்து வில்லன்களை விடுவிக்கிறது. நல்லது செய்யப் போய் வந்த வினை! இரண்டு படமும் ஒரே கதையாகிவிடுகிறது. லோயிஸுக்கு உண்மை தெரியும் இடமும் வேறு. லெஸ்டர் படத்தில் கிளார்க் தடுக்கி விழுந்து கை நெருப்பில் படும், சுடாது. டானர் கட்டில் லோயிஸ் துப்பாக்கியை எடுத்து அவனைச் சுட்டே விடுகிறாள். தோட்டா இல்லாத துப்பாக்கி என்பது அவன் ஒப்புக்கொண்ட பிறகுதான் அவனுக்குத் தெரியும். பெண் புத்திசாலி என்பதை வசனம் இல்லாமல் சொன்ன சீன்.

சோகம் என்னன்னா, அந்தக் காட்சியை டானர் ஷூட் பண்ணவே இல்லை. கிறிஸ்டோபர் ரீவ், மார்கட் கிட்டர் ஆகியோரின் பழைய ஸ்கிரீன் டெஸ்ட்டை ஒட்டி ஒப்பேற்றியிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் ரீவ் ஒரு ஷாட்டில் ஒல்லியாக இருப்பார், தலைமுடி வேறு மாதிரி இருக்கும். திரும்ப எடுக்க வழியே இல்லை. பிராண்டோ, ரீவ் இருவருமே 2004-ல் இறந்துவிட்டார்கள். தன் அப்பாவோடு நடித்த அந்த முக்கியமான சீன் வெளியே வந்ததை ரீவ் பார்க்கவே இல்லை.

பின்னாளில் 'ஜஸ்டிஸ் லீக்' விஷயத்திலும் இதே கூத்துதான். 2017-ல் 2 மணி நேரமாக வந்த படம், ரசிகர்கள் போட்ட சத்தத்தில் 2021-ல் 4 மணி நேர 'ஸ்னைடர் கட்'டாக வந்தது. அதிலும் க்ளைமாக்ஸில் ஃபிளாஷ் ஓடி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுவான்.

அந்த ஐடியாவுக்கு டானர்தான் முன்னோடி. பூமியைச் சுற்றி நேரத்தைத் திருப்பும் காட்சி முதலில் இரண்டாம் பாகத்தின் முடிவாகத்தான் எழுதப்பட்டது. பிறகு முதல் பாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். டானர் கட் அதைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தது. இரண்டு படத்தையும் அடுத்தடுத்து பார்த்தால் ஒரே க்ளைமாக்ஸ் இரண்டு தடவை! போதாக்குறைக்கு ஒரு ஓட்டை. சக்தி இல்லாதபோது தன்னை அடித்த லாரிக்காரனை, கடைசியில் ஹோட்டலுக்குத் தேடிப் போய் நொறுக்குகிறார் கிளார்க். நேரம்தான் திரும்பிவிட்டதே, அந்த ஆள் இவரை இன்னும் அடிக்கவே இல்லையே! பாவம், யார் என்றே தெரியாதவனிடம் அடி வாங்குகிறான்.

இதைச் சரி பண்ணுகிறேன் என்று டானர் படத்தையும் லெஸ்டர் படத்தையும் கலந்து வெட்டி ஒட்ட, அடுத்த செட் ரசிகர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.