‘நாட்டு மருந்துதானே’ என்று செந்தூரம் சாப்பிடுகிறீர்களா? உஷார்! ஈயம், பாதரசம் இருக்கலாம்

மூட்டு வலி, மூலம், சர்க்கரை என எதற்கெடுத்தாலும் ‘நாட்டு மருந்துதானே, என்ன பண்ணிடப் போகுது’ என்று பொட்டலம் பொட்டலமாக வாங்கி சாப்பிடுவோர் ஏராளம். ஆனால் பெயரே இல்லாத பொட்டலம் உயிருக்கே உலை வைக்கலாம்.

எப்படி வருகிறது?

சித்த மருத்துவம் என்றால் பச்சிலை மட்டும் அல்ல. பாதரசம், காரீயம், ஆர்சனிக் கலந்த தாளகம் ஆகியவற்றை சுத்தி செய்து, புடம் போட்டு பற்பம், செந்தூரம் தயாரிப்பதும் உண்டு. படித்த சித்த மருத்துவர் இதை அரிசி எடைக் கணக்கில், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் கொடுப்பார். போலி வைத்தியரோ அரைகுறையாக தயாரித்து மாதக்கணக்கில் கொடுத்து விடுகிறார். புடம் போட்டாலும் ஈயம் மாயமாகி விடாது.

70-ல் 14

அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை சோதித்ததில், 14-ல் இந்த உலோகங்கள் இருப்பது 2004-ல் தெரியவந்தது. அதன்பிறகு, ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு 2006 ஜனவரி முதல் உலோகப் பரிசோதனையை மத்திய அரசு கட்டாயமாக்கியது. மூலிகை மருந்தில் கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், ஆர்சனிக் 3, பாதரசம் 1 மில்லிகிராம் என்பதே உச்ச வரம்பு.

அறிகுறி என்ன?

ஈயம் சேர்ந்தால் வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், ரத்தசோகை, கை கால் சோர்வு வரும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கும். கர்ப்பிணிகள் மூலம் சிசுவுக்கும் போகும். பாதரசம் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். சிறுநீர் நுரைத்துப் போவது, கால் வீங்குவது இதன் அடையாளம்.

இப்படி இருந்தால் அந்த மருந்தை நிறுத்திவிட்டு, மிச்சத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஈயத்தை ரத்தப் பரிசோதனையிலும், பாதரசத்தை சிறுநீர்ப் பரிசோதனையிலும் கண்டுபிடித்து விடலாம். சீக்கிரம் போனால் சிகிச்சையும் எளிது.

வாங்கும்போது பாருங்க...

* தயாரித்த கம்பெனி முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், சேர்மானப் பட்டியல், காலாவதி தேதி இருக்கிறதா?

* விஷப்பொருள் சேர்ந்த மருந்தில் ‘மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் சாப்பிட வேண்டும்’ என்ற எச்சரிக்கை இங்கிலீஷ், இந்தியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

* ‘என்ன சேர்த்தீங்க?’ என்று கேட்டால் ‘அது பரம்பரை ரகசியம்’ என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

சித்த மருத்துவமே வேண்டும் என்பவர்களுக்கு சென்னை அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. அங்கே பட்டம் பெற்ற மருத்துவர்களே பார்க்கிறார்கள்.