தேயிலைக்குப் பின் எந்தக் காடு?

மணிமுத்தாறிலிருந்து மலையேறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை இது, 8,374 ஏக்கர். 2028-ல் குத்தகை முடிகிறது. நிறுவனமோ 2024-லேயே கிளம்பிவிட்டது. தேயிலைத் தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகமான டான்டீ எடுத்து நடத்தட்டும் என்ற கோரிக்கையை அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரை அமர்வு ஏற்கவில்லை. நிலம் மறுபடியும் காடாக வேண்டும் என்றது.

சரி, எந்தக் காடு?

பதில் பக்கத்திலேயே நிற்கிறது. காக்காச்சியைச் சுற்றி வெட்டப்படாமல் மிஞ்சிய மழைக்காட்டில் வெடிப்பலா மரங்கள் அதிகம். கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். காய் முழுக்க முள். மற்ற மரங்களில் தீனி குறையும் மாதங்களில் சோலைமந்திக்கு அந்தப் பூவும் விதையும்தான் சாப்பாடு. இத்தகைய மரங்களின் விதை பெரியது, ஈரம் நிறைந்தது, காய்ந்தால் செத்துப்போகும். மண்ணுக்குள் வருஷக்கணக்கில் உறங்கிக் கிடந்து முளைக்கிற சங்கதியே கிடையாது. கன்று நிழலில்தான் பிழைக்கும். விதையைத் தூரமாய்க் கொண்டுபோட காட்டு உயிர்கள் வேண்டும். அவையும் மரமில்லாத வெட்டவெளிக்கு வருவது அரிது.

மேல்விதானம் உடைந்த இடத்தில் கதை மாறுகிறது. வெயில் நேரே தரையில் விழுகிறது, ஈரம் வற்றுகிறது. வெயிலை விரும்பும் வட்டக்கண்ணி முந்திக்கொள்ளும். அது நம்ம ஊர் மரம், நிழல் கொடுத்து மற்றதற்கு இடம்விடும். உண்ணிச்செடி அப்படியில்லை, புதராய் மூடி மற்ற நாற்றுகளை நெருக்கிவிடும். தேயிலையும் சும்மா இராது. இடுப்பளவில் கவாத்து செய்து வைத்திருப்பதால் செடி என்கிறோம். விட்டால் மரமாய் வளர்ந்து நெருங்கி நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைதான். சோலைமந்திக்கு அதில் ஒரு வாய் சோறில்லை.

அதனால் பூட்டிவிட்டு இறங்கினால் காடு தானே வந்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. காட்டோரத்துச் சரிவுகளில் வரலாம். தோட்டத்தின் நடுவில் தேயிலையைப் படிப்படியாக விலக்கி, நிழல் உண்டாக்கி, இந்த மலையின் விதையிலேயே நாற்றங்கால் போட்டு நடவேண்டும். இந்தச் சரிவுகளின் மழைதான் மணிமுத்தாறாய் இறங்கித் தாமிரபரணியில் சேர்கிறது. கார், பிசான நெல் பருவங்களுக்கு மடை திறக்கும் விவசாயிக்கும் இதில் பங்குண்டு.

அந்த வேலையை யார் செய்வது? தலைமுறைகளாக அங்கே கொழுந்து கிள்ளியவர்களுக்கு எந்தச் சரிவில் ஊற்று, எந்த மாதம் எது காய்க்கும் என்பது தெரியும். அவர்களைக் கீழே இறக்கிவிட்டு, மலையறியாத ஒப்பந்தக்காரரிடம் கன்று நடும் வேலையைக் கொடுப்பது அநியாயம். 2028-க்கு முன்பே நாற்றங்கால் தொடங்கியாக வேண்டும். அதில் முதல் சம்பளம் தோட்டத்து மக்களுக்குப் போகட்டும்.