டொயோட்டா பிரியஸ் (ஐந்தாம் தலைமுறை)

டொயோட்டா பிரியஸ் என்பது ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் தயாரிக்கும் குடும்பப் பயன்பாட்டு ஹைப்ரிட் மகிழுந்து ஆகும். பெட்ரோல் எஞ்சின், மின்மோட்டார் ஆகிய இரண்டின் ஆற்றலையும் கலந்து ஓடுவதால் இவ்வகை வண்டியைக் கலப்பு மகிழுந்து என்றும் சொல்வர். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் பிரியஸே, உலகில் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைப்ரிட் மகிழுந்து. இதன் ஐந்தாம் தலைமுறை 2022 நவம்பரில் அறிமுகப்படுத்தப்பட்டு, 2023 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. எரிபொருள் சிக்கனம் குறையாமல் வேகமும் தோற்றமும் மேம்பட்டதே இதன் முதன்மையான மாற்றம். அதற்காகக் குடும்பப் பயணிகள் சில வசதிகளை விட்டுக்கொடுக்க வேண்டியும் வந்தது.

பின்னணி

பிரியஸ் வந்தபோது அது ஒரு புதுமை. பின்னர் டொயோட்டாவின் பல மகிழுந்துகளிலும் ஹைப்ரிட் அமைப்பு இடம்பெற்றதால், பிரியஸின் தனித்தன்மை மங்கியது. அடுத்த பிரியஸை வாடகை வண்டியாக மட்டும் செய்தால் என்ன என்று அப்போதைய தலைவர் அக்கியோ டொயோடா கேட்டார். வடிவமைப்புக் குழுவினர் அதை ஏற்கவில்லை. சிக்கனத்துக்காக மட்டுமன்றி, பார்த்ததும் விரும்பி வாங்கும் வண்டியாக அது இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. இன்றைய பிரியஸ் அந்த எண்ணத்தில் உருவானதே.

இயங்கும் முறை

சாதாரண மகிழுந்தில் பிரேக்கை மிதிக்கும்போது, வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறி வீணாகிறது. ஹைப்ரிட் வண்டியில் வேகம் குறையும்போது மின்மோட்டார் மின்னியற்றியாக வேலை செய்கிறது. சக்கரத்தின் சுழற்சியிலிருந்து மின்சாரம் கிடைத்து, பேட்டரியில் சேர்கிறது. மறுபடி கிளம்பும்போது அந்த மின்சாரமே வண்டியைத் தள்ளுகிறது. நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் தானாக அணைந்துவிடும்.

எஞ்சினையும் இரண்டு மின் இயந்திரங்களையும் இணைப்பது ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு பற்சக்கரம், அதைச் சுற்றிச் சிறு பற்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம் என்று இது அமைந்திருக்கும். இதனால் வண்டி எந்த வேகத்தில் சென்றாலும், எஞ்சினை அதற்குச் சிக்கனமான சுழற்சி வேகத்துக்கு அருகில் வைத்திருக்க முடிகிறது.

எஞ்சினும் அட்கின்சன் சுழற்சி முறையில் இயங்குவது. உள்ளிழுக்கும் வால்வு சற்றுத் தாமதமாக மூடுவதால், எரிந்த வாயு விரிவடையும் அளவு, கலவை அழுத்தப்படும் அளவைவிட அதிகமாகிறது. எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கிறது. ஆனால் இழுவிசை சற்றுக் குறைகிறது. அந்தக் குறையை மின்மோட்டார் நிரப்புகிறது.

புதிய தலைமுறையில் மாற்றங்கள்

அமெரிக்காவில் விற்கப்படும் வகையில், எஞ்சின் 1.8 லிட்டரிலிருந்து 2.0 லிட்டராகப் பெரிதாக்கப்பட்டது. முன்சக்கர இயக்க வகையின் மொத்தத் திறன் 121 குதிரைத் திறனிலிருந்து 194 ஆக உயர்ந்தது. இருந்தும், அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில் இதன் அடிப்படை வகை கேலனுக்கு 57 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 24 கி.மீ. தருகிறது. நகரத்தில் 57, நெடுஞ்சாலையில் 56 என இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரண பெட்ரோல் வண்டிக்கு நகரத்தில் மைலேஜ் வெகுவாகக் குறையும். பிரேக்கில் வீணாகும் ஆற்றலை மீட்பதால் வரும் பயன் இதுதான்.

பெரிய 19 அங்குலச் சக்கரங்கள் கொண்ட உயர்வகைகளில் மதிப்பீடு 52 மைலாகக் குறைகிறது. அழகுக்காகப் பெரிய சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பவர் எரிபொருளில் அதற்கான விலையைக் கொடுக்கிறார்.

உயரம் ஏறத்தாழ 5 செ.மீ. குறைந்து, முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 5 செ.மீ. கூடி 2.75 மீட்டர் ஆனது. கூரை பின்னோக்கிச் சரிவதால், பின்னிருக்கையில் உயரமானவர்களுக்குத் தலைக்கு மேல் இடம் குறைவு. பொருள் வைக்கும் இடமும் முந்தைய தலைமுறையைவிடச் சிறியது.

பின்கதவுத் திரும்பப்பெறல்

பின்கதவின் கைப்பிடி சன்னல் ஓரத்தில் மறைவாக உள்ளது. கதவு மின் பொத்தானால் திறக்கும். அந்தப் பொத்தானில் நீர் புகுந்தால், பூட்டப்படாத கதவு ஓடும்போதே திறக்கக்கூடும் என்று தெரியவந்தது. 2024 ஏப்ரலில் ஜப்பானில் ஏறத்தாழ 1,35,000 பிரியஸ் வண்டிகள் சரிசெய்வதற்காகத் திரும்பப் பெறப்பட்டன. பின்னிருக்கையில் குழந்தைகள் அமரும் குடும்ப வண்டியில், ஒரு சிறு பொத்தானின் நீர்காப்புகூட உயிர்ப் பாதுகாப்பு சார்ந்தது என்பதை இது காட்டியது.

இரண்டு வகைகள்

வழக்கமான பிரியஸின் பேட்டரி ஒரு கிலோவாட் மணிக்கும் குறைவான கொள்ளளவு கொண்டது. இதை வெளியிலிருந்து மின்னேற்றம் செய்ய முடியாது. "தானே மின்னேற்றிக்கொள்ளும்" என்ற விளம்பரச் சொல்லைக் கேட்டு, இதற்கு எரிபொருளே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. பேட்டரியில் சேரும் ஆற்றல் முழுவதும் முதலில் பெட்ரோலிலிருந்து வந்ததே.

மற்றொன்று பிளக்-இன் வகை. இதன் பேட்டரி 13.6 கிலோவாட் மணி. மின்னிணைப்பில் செருகி மின்னேற்றலாம். அமெரிக்க மதிப்பீட்டின்படி அடிப்படை வகை பெட்ரோல் இல்லாமல் ஏறத்தாழ 70 கி.மீ. ஓடும். அன்றாடப் பயணம் அதற்குள் முடிந்து, வீட்டில் மின்னேற்றும் வசதியும் இருந்தால், பெரும்பாலான நாள்களில் எஞ்சினுக்கு வேலை இருக்காது. மின்னேற்றாமலே ஓட்டினால், கூடுதல் பேட்டரியின் எடையைச் சுமந்து செல்லும் சாதாரண ஹைப்ரிட்டாகவே அது இருக்கும். எனவே, இரண்டில் எது சிக்கனம் என்பது வண்டியை மட்டுமன்றி, அதை வாங்குபவரின் அன்றாடப் பயணத்தையும் பொறுத்தது.