படகை வாடகைக்கு எடுத்தவர் படகின் தலைவர் அல்லர்

முகவர்களையும் நீண்ட கால வாடிக்கையாளர்களையும் ஹோட்டலுக்கு அழைத்து, பிரியாணி விருந்து கொடுத்து அனுப்புவதே எமது வர்த்தகர்களின் பழைய வழக்கம். இப்போது என்னுடைய வட்டத்தில் சிலர் வேறு விதமாக யோசிக்கிறார்கள். நிலாவெளிக்கோ பாசிக்குடாவுக்கோ இரண்டு நாள் பயணம் போகிறார்கள். அங்கே ஒரு படகை முழுதாக வாடகைக்குப் பேசி, சிலின்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் சுழியோடிவிட்டு வருகிறார்கள். நல்ல விடயம்தான். புறக்கோட்டையில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் நானும் ஓப்பன் வோட்டர் சான்றிதழ் எடுத்து, சில பருவங்களாகப் போய் வருகிறேன். இதனால் எங்கே போவது, எப்படிப் பேசுவது, என்ன கொண்டு போவது என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர்கள் வியாபாரிகள் என்பதால் வியாபாரப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் பருவம். கிழக்குக் கரையில் ஏறத்தாழ மே தொடக்கம் செப்டெம்பர் வரையும், ஹிக்கடுவ முதலான தென்மேற்குக் கரையில் நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரையும் கடல் அமைதியாக இருக்கும். டிசம்பர் விடுமுறையில் நிலாவெளிக்கு ஆள் சேர்ப்பவர் பருவக்காற்றோடு மல்லுக்கட்டத்தான் போகிறார்.

உடன்படிக்கையில் எழுத வேண்டியது

நாம் படகு பேசும்போது "எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திவிடுகிறோம். எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், எத்தனை தடவை நீருக்குள் இறங்குவது, சிலின்டரும் மற்றைய உபகரணங்களும் அந்தத் தொகைக்குள் அடங்குமா, எரிபொருள் யாருடையது, வழிகாட்டும் சுழியோடி எத்தனை பேர் என்பவற்றையெல்லாம் முதலிலேயே கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். புறாத்தீவுக்குப் போவதானால், அது 2003 முதல் தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதைப் படகுக் கூலியோடு சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்க் கரையில் நின்று வாதாடுவோரை நான் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, கடல் சரியில்லாமல் பயணம் நின்றுபோனால் யாருக்கு நட்டம் என்ற கேள்வி.

ஒரு தடவை எமது குழு ஒன்பது பேராகப் போயிருந்தது. காலை ஆறரை மணிக்குப் படகோட்டி கடலைப் பார்த்துவிட்டு, "ஹாஜியார், காத்து மாறிட்டு. இன்டைக்கி வெளிய போக ஏலா" என்றார். எம்முடன் வந்த மொத்த வியாபாரி ஒருவர் விடவில்லை. "கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறம். கூலிய ரெட்டிப்பாத் தாறன், எடுங்க போட்ட" என்றார். படகோட்டி பதில் சொல்லாமல் தயங்கினார். எனக்குப் பயம் வந்தது அந்தத் தயக்கத்தைப் பார்த்துத்தான். கடலை அவருக்குத் தெரியும். ஆனால் வாங்கி வைத்த எரிபொருளின் கணக்கும், கூட வந்த இரண்டு பொடியன்களின் நாட்கூலியும் அவருக்குத் தெரியும். கடைசியில் எங்களில் மூத்தவர் குறுக்கிட்டு, "தம்பி, உங்கட அரை நாள் கூலிய நாங்க தாறம். போட்ட கரையிலயே வைங்க" என்றார். படகோட்டியின் முகம் தெளிந்தது. நாங்கள் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து நான் படகு பேசும்போதே ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொள்கிறேன். படகோட்டியோ வழிகாட்டியோ போக முடியாது என்று சொன்னால், அவர்களது செலவுக்கு இவ்வளவு தொகை எங்களிடமிருந்து கிடைக்கும். மீதி முற்பணம் எமக்குத் திரும்ப வரும், அல்லது அடுத்த நாளுக்கு மாற்றப்படும். "முடியாது" என்று சொல்வதால் ஒருவர் முழுக் கூலியையும் இழப்பார் என்றால், சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் அதைச் சொல்லமாட்டார். கடைகளில் கடன் கொடுத்துப் பழகிய எமக்கு இந்தக் கணக்கு விளங்காததல்ல. காசு கொடுத்தவரே கட்டளையிடுவார் என்ற எண்ணத்தைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். படகு நகர்ந்த பிறகு அதை ஓட்டுபவர் சொல்வதும், நீருக்குள் இறங்கிய பிறகு வழிகாட்டி சொல்வதுமே முடிவு.

உடம்பும் உண்மையும்

போவதற்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, காது சத்திரசிகிச்சை என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். எம்மவர்கள் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று கோடு போட்டுவிட்டுக் கையெழுத்து வைப்பார்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர் கொழும்பிலேயே தமது வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. தடிமன் இருந்தால் இறங்கவே கூடாது. காதுக்குள் அழுத்தத்தைச் சமப்படுத்த முடியாமல் செவிப்பறை கிழியக்கூடும். உடலில் நீர் குறைவது அமுக்க நோய்க்கு வழிவகுக்கும் என்பதால், நோன்பு பிடித்துக்கொண்டு சுழியோடுவதையும் தவிர்க்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஆசிரியர் ஒருவரின் கைக்குள், 12 மீற்றருக்கு மேற்படாத ஆழத்தில் ஓர் அறிமுகச் சுழியோட்டம் உண்டு. ஓப்பன் வோட்டர் சான்றிதழுக்கு எல்லை 18 மீற்றர். பொழுதுபோக்குச் சுழியோடிகள் அனைவருக்கும் இறுதி எல்லை 40 மீற்றர்.

இதனால்தான் மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீற்றரளவு ஆழத்தில் கிடக்கிறது. அது விசேட பயிற்சி பெற்றவர்களுக்குரிய இடம்.

காற்றின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண அலுமினிய சிலின்டரின் கொள்ளளவு சுமார் 11 லீற்றர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் அதற்குள் 2,200 லீற்றர் காற்று இருக்கும். ஒருவர் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகும். இருபது மீற்றரில் மூன்று மடங்கு. அப்படியானால் இருபது மீற்றரில் நிமிடத்துக்கு 60 லீற்றர் போகும். 50 பாரைக் கையிருப்பாக விட்டுவிட்டால், மிஞ்சியது 27 நிமிடத்துக்குத்தான் காணும். பதற்றத்தில் மூச்சு வாங்குபவருக்கு அதுவும் காணாது. ஆகவே உங்கள் காற்று முதலில் முடிந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மானியைப் பார்த்து உடனே வழிகாட்டிக்குச் சைகை காட்டுங்கள். காட்டாமல் இருப்பதுதான் பிழை.

படகின் மேல்

எமது கரைகளில் பெரும்பாலும் கிடைப்பது சிறிய பைபர் படகு. இடம் குறைவு. பெரிய சூட்கேஸ் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வலைப்பை ஒன்றில், கடைசியாக அணிவதை அடியிலும் முதலில் அணிவதை மேலேயும் வைத்து அடுக்குங்கள். அடுத்தவரின் மாஸ்க் மீது உங்கள் ஈயக்கட்டிப் பெல்ட்டைப் போட்டால் நட்பு அன்றோடு முடிந்துவிடும். நிறுத்தி வைத்த சிலின்டரைக் கட்டாமல் விடக்கூடாது. படகு ஆடினால் அது விழுவது யாருடைய காலிலோ. வாந்தி வந்தால் காற்றுப் போகும் பக்கமாகச் சாயுங்கள், எதிர்ப்பக்கமாக அல்ல! காலையில் எண்ணெய்ப் பராட்டாவும் இறைச்சிக் கறியும் சாப்பிட்டுவிட்டு வருபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை போவதானால் ஜும்ஆவுக்குப் படகோட்டியும் கரைக்கு வர வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்து, அதிகாலையிலேயே புறப்படுங்கள்.

வழிகாட்டி விளக்கம் கொடுக்கும்போது கைத்தொலைபேசியில் விலை பேசிக்கொண்டிருப்பது எம்மவர்களிடம் உள்ள கெட்ட பழக்கம். எந்தப் பக்கம் நீரோட்டம், யார் யாருக்குத் துணை, எத்தனை நிமிடத்தில் மேலே வருவது, துணையைத் தவறவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் சொல்லப்படும். இறங்கும்போது படகின் ஓரத்தில் அமர்ந்து, எண்ணிச் சொன்னதும் முதுகுப் பக்கமாக விழ வேண்டும். பிந்தி விழுந்தால், ஏற்கெனவே நீரில் இருப்பவரின் தலையில் உங்கள் சிலின்டர் இடிக்கும். மேலே வரும்போது இயந்திரம் நின்றதாகப் படகோட்டி சொல்லும் வரை படகின் பின்பக்கம் நெருங்காதீர்கள். ஏணியில் ஒருவர் ஏறும்போது அவருக்குக் கீழே நிற்கவும் வேண்டாம்.

ஆட்களை எண்ணுவது படகோட்டியின் வேலை என்றாலும் நீங்களும் எண்ணுங்கள். 1998 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் பெரும் முருகைக்கற்பாறைத் தொடரில், எண்ணிக்கையில் ஏற்பட்ட தவறினால் ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டு ஒரு படகு கரைக்குத் திரும்பியது. அவர்கள் இல்லை என்பது இரண்டு நாட்களின் பின்னர்தான் தெரியவந்தது. உடல்கள் கிடைக்கவேயில்லை. அதன் பிறகே அந்த மாநிலத்தில் ஆட்களை எண்ணும் விதிகள் கடுமையாக்கப்பட்டன. நான் போகும் குழுவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருவரும் தன் வாயால் பதில் சொன்ன பிறகுதான் நங்கூரத்தைத் தூக்க விடுவோம். ஒருவருக்காக இன்னொருவர் "இருக்கிறார்" என்று சொல்வதை ஏற்பதில்லை.

நீருக்கடியில் செய்ய வேண்டியது குறைவு, செய்யக்கூடாதது அதிகம். மூச்சை அடக்கக்கூடாது, அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் வெடிக்கும். நிமிடத்துக்கு 9 மீற்றரை விட வேகமாக மேலே வரக்கூடாது. 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரிக்க வேண்டும். முருகைக்கல்லில் கால் வைக்கவோ, பிள்ளைகளுக்கென்று ஒரு துண்டு உடைத்து எடுக்கவோ கூடாது. தேசியப் பூங்காவில் அது சட்டப்படி குற்றம். ஆமையைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பதும் அப்படியே.

திரும்பும் வழி

சுழியோடிய பிறகு உடலில் கரைந்திருக்கும் நைதரசன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால் அது குமிழிகளாக மாறி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். ஒரு தடவை மட்டும் இறங்கியவர் 12 மணித்தியாலமும், பல தடவை இறங்கியவர் 18 மணித்தியாலமும் விமானம் ஏறக்கூடாது என்பது பொதுவான அறிவுறுத்தல். கொழும்பு வந்து அன்றிரவே டுபாய் விமானத்தைப் பிடிக்க இருப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். எமது நாட்டில் மலையும் இருக்கிறது. திருகோணமலையில் காலையில் சுழியோடிவிட்டு, மாலையில் 1,800 மீற்றருக்கு மேலான நுவரெலியாவுக்குக் குடும்பத்தோடு ஏறுவதும் விமானம் ஏறுவதைப் போன்றதே. ஓரிரவு கரையில் தங்குங்கள். அன்றே கொழும்பு திரும்பத்தான் வேண்டும் என்றால் ஹபரணை, குருநாகல் வழியாக வாருங்கள். கண்டி வழி வேண்டாம்.

மூட்டு வலி, விறைப்பு, தலைச்சுற்று, அசாதாரணக் களைப்பு என்று ஏதாவது வந்தால், அதைப் பயணக் களைப்பு என்று எண்ணி எண்ணெய் பூசிப் படுக்க வேண்டாம். உடனே ஒட்சிசன் கொடுக்க வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். சுழியோடியவர் என்பதை வைத்தியசாலையில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் வேறு நோய்க்குத்தான் மருந்து பார்ப்பார்கள். படகில் ஒட்சிசன் இருக்கிறதா என்று முற்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அடுத்த படகுக்காரரிடம் பேசுங்கள்.