குற்றாலத்துப் பாறைக்கு யாரைக் கூட்டிப் போவது?

சீசன் கூட்டம் வடிந்த பிறகுதான் குற்றாலத்து டீக்கடையில் உட்கார்ந்து பேச முடியும். வெளியூரிலிருந்து வரும் இளைஞர்கள் இப்போது அடிக்கடி கேட்பது இது: “ஒருநாள் பாறை ஏறணும், கூட வர ஒரு ஆள் கிடைப்பாரா?” நல்ல ஆசைதான். ஆனால் அவர்கள் தேட வேண்டியது இரண்டு பேரை. காடும் தண்ணீரும் தெரிந்தவர் ஒருவர், கயிறு தெரிந்தவர் இன்னொருவர். இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்த்து மலையேறுவதில்தான் ஆபத்து தொடங்குகிறது. டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சில்லை, நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். நாம் குளிக்கும் பேரருவி சிற்றாற்றின் கடைசிப் படி. மேலே தேனருவி, அதற்குக் கீழே செண்பகாதேவி, அங்கிருந்து இறங்கிப் பொங்குமாக்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் வேகம் தணிந்து, பிறகுதான் நம் தலைக்கு வருகிறது. கீழே வெயில் காயும்போதே மேலே மழை கொட்டித் தீர்த்திருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்தது அதுதான். குளித்துக்கொண்டிருந்தவர்கள் சுதாரிப்பதற்குள் காட்டாற்று வெள்ளம் வந்தது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். இந்த மலையடிவாரத்தில் வளர்ந்தவர் பாறையில் நிற்கும்போதும் ஒரு கண்ணை ஓடையில் வைத்திருப்பார். தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து மிதந்து வந்தால், இரைச்சல் கனத்தால், காரணம் சொல்லாமலே மேட்டுக்கு ஏறச் சொல்வார். அவர் சொன்னதும் ஏறுங்கள். விளக்கம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது தேனீ. தேனருவிக்கு அந்தப் பெயர் வந்ததே பாறையில் தொங்கும் தேனடைகளால். மலைத்தேனீ கலைந்தால் கூட்டமாக வரும், தூரம் துரத்தும். கயிற்றில் பாதி உயரத்தில் தொங்குகிறவருக்கு ஓட இடமில்லை. எந்தப் பாறையில் எந்த மாதம் அடை இருக்கும் என்பது அங்கேயே திரிகிறவருக்குத்தான் தெரியும். வாசனைத் திரவியம், புகை, கூச்சல் மூன்றையும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

காடு தெரிந்தவரின் அறிவை நாம் குறைவாக மதிப்பிடுகிறோம் என்பது என் வருத்தம். இதே மலைத்தொடரில், அகத்தியர் மலையின் கேரளப் பக்கம், 1987இல் தாவர ஆய்வாளர்கள் காணிப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டியாகக் கொண்டு ஏறினார்கள். ஆய்வாளர்கள் களைத்துப் போக, காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்றபடி தெம்பாக நடந்தார்கள். அந்தக் காயின் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது; உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடானது. வழிகாட்டி என்பவர் பை சுமக்க வந்தவர் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

காடு தெரிந்த இந்த ஆளை எங்கே தேடுவது? டீக்கடையிலோ பேருந்து நிலையத்திலோ “நான் கூட்டிப் போறேன், பணம் கொடுங்க” என்று சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள். செண்பகாதேவிக்கும் அதற்கு மேலும் இருப்பது வனத்துறையின் காடு. அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அதைவிட முக்கியம், திருட்டுத்தனமாக ஏறியவர் எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. விழுந்தால் தேடி வர ஆளிருக்காது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபர் 24 அன்று ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்கள், இணையத்தில் முன்பதிவு, ஒவ்வொரு குழுவோடும் பயிற்சி பெற்ற வழிகாட்டி. அவர்களில் பலர் மலையடிவாரக் கிராமங்களிலிருந்தும் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள். தென்காசி மாவட்டத்துக்கு வந்தவை குற்றாலம்–செண்பகாதேவி, தீர்த்தப்பாறை ஆகிய இரண்டு தடங்கள். காடு தெரிந்தவரை முறையாகச் சந்திக்க இதுவே நேர் வழி.

ஆனால் இது நடைக்கான ஏற்பாடு. கயிறு கட்டிச் செங்குத்துப் பாறையில் ஏறுவது வேறு கலை. அங்கேதான் அடுத்த ஆள் வேண்டும்.

கயிறு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மேலே உறுதியான பிடிமானம் ஒன்றில் கயிறு ஓடுகிறது. ஒரு முனை ஏறுபவரின் இடுப்புப் பட்டையில், எட்டு வடிவ முடிச்சில். மறுபகுதி, கீழே நிற்பவரின் பட்டையில் மாட்டிய ஒரு சிறு கருவிக்குள் நுழைந்து வருகிறது. இவருக்கு பிலேயர் என்று பெயர். மேலே இருப்பவர் தவறினால், கருவிக்குள் கயிறு வளைந்து நெரிபட்டு நின்றுவிடும். ஆனால் நிற்க ஒரு நிபந்தனை உண்டு: பிலேயரின் ஒரு கை அந்தக் கயிற்றை விடவே கூடாது. செல்போன் எடுக்கவும் கூடாது, கொசு அடிக்கவும் கூடாது. இந்தத் துணையைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எவ்வளவு உயரம் ஏறுவார் என்று பார்ப்பதில் பயனில்லை. அவர் கையைப் பாருங்கள்.

பழக்கமில்லாத ஒருவரோடு முதல் நாளே மலைக்குப் போகவேண்டாம். சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள ஏறுசுவர் ஒன்றில் சேர்ந்து ஏறிப் பாருங்கள். பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நல்ல சுவர் உண்டு. தரையை விடும் முன் ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்க்கிறாரா? கொக்கியின் பூட்டைத் திருகி இழுத்துப் பார்க்கிறாரா? கயிற்றின் கடைசி முனையில் முடிச்சுப் போடுகிறாரா? அந்தக் கடைசி முடிச்சு இல்லாமல், இறக்கும்போது கயிறு தீர்ந்து கருவியிலிருந்து நழுவியதில் அனுபவசாலிகளும் விழுந்திருக்கிறார்கள். நீங்கள் சரிபார்க்கும்போது “அதெல்லாம் எனக்குத் தெரியும்” என்று முகம் சுளிப்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும் வேண்டாம். எடை வித்தியாசமும் உண்டு. உங்களைவிட மிகவும் லேசானவர் கீழே நின்றால், நீங்கள் விழும்போது அவர் மேலே தூக்கப்படுவார். அவரைத் தரையோடு கட்டிவைக்க வேண்டும்.

அருவிக்கு அருகில் இன்னொரு சிக்கல்: குரல் கேட்காது. “பிடிச்சிட்டேன்”, “ஏறு”, “இறுக்கு” எல்லாம் இரைச்சலில் கரைந்துவிடும். எத்தனை முறை கயிற்றைச் சுண்டினால் என்ன பொருள் என்று தரையிலேயே பேசி வையுங்கள்.

சம்பளம் கொடுத்து அழைக்கும் பயிற்சியாளர் என்றால் சான்றிதழைத் தயங்காமல் கேளுங்கள். டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனம், உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம் போன்றவை பேசிக், அட்வான்ஸ் என்று படிப்படியாகப் பயிற்சி தருகின்றன. பேசிக் முடித்தவர் நல்ல ஏறுநராக இருக்கலாம். பிறருக்குக் கற்பிப்பதற்கென்று ‘மெத்தட் ஆஃப் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்ற தனிப் பயிற்சி இருக்கிறது. அதை முடித்தவரா என்று கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: குற்றாலத்து அருவிப் பாறைகளில் கயிறு கட்டி ஏறவே கூடாது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பாறை பாசி பிடித்து வழுக்கும். பிப்ரவரி நடுவில் தீக்காலம் தொடங்கினால் காட்டுத் தடங்களே மூடப்படும். உறுதியாக மிஞ்சுவது ஜனவரியும் அதை ஒட்டிய சில நாட்களும். அந்த நாட்களில் செண்பகாதேவிக்கு வழிகாட்டியோடு நடந்துபோய் வாருங்கள். கயிற்றுக்குக் கர்நாடகத்தின் ராமநகரம், பாதாமி போன்ற காய்ந்த பாறைகள் இருக்கின்றன. துணையும் அங்கே எளிதாகக் கிடைக்கும். இங்கே அடிபட்டால் தென்காசி அரசு மருத்துவமனை பக்கம்தான். பெரிய அடி என்றால் 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பாளையங்கோட்டை மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதற்கு முன் காட்டிலிருந்து கீழே தூக்கி வரவேண்டும்.

தூக்கி வருவது யார்? இப்போதைக்கு வழிகாட்டிகளாக வரும் அந்த உள்ளூர் இளைஞர்கள்தான். காட்டை அவர்கள் பிறந்ததிலிருந்து படித்திருக்கிறார்கள். கயிற்றை யாராவது அவர்களுக்குச் சொல்லித் தரவேண்டும். வனத்துறைக்கு என் விண்ணப்பம் இதுவே: ஒவ்வொரு தடத்திலிருந்தும் இரண்டு வழிகாட்டிகளையாவது அரசுச் செலவில் உத்தரகாசிக்கு அனுப்பி, மீட்புப் பயிற்சியோடு திரும்ப அழைத்து வாருங்கள்.